ஆண் என்றால் நடுநிலையா?

1975ஆம் ஆண்டு நியூயார்க்கின் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களில் ஒன்றான சல்லிவன் அண்ட் கிராம்வெல், ஒரு நீதிபதியிடம் விநோதமான கோரிக்கையை வைத்தது. தன்மீது தொடுக்கப்பட்டிருக்கும் வழக்கிலிருந்து அந்த நீதிபதி விலகிக்கொள்ள வேண்டும். லஞ்சப் புகார் எதுவும் இல்லை. எதிர்த்தரப்பில் அவருக்கு உறவினர் யாரும் இல்லை. அந்த நீதிபதி ஒரு பெண், கறுப்பினத்தவர், நீதிபதியாவதற்கு முன் இனப் பாகுபாட்டுக்கு எதிரான வழக்குகளை நடத்தியவர். ஆகவே பாகுபாட்டால் பாதிக்கப்பட்டவர்களோடு அவர் தன்னை அடையாளப்படுத்திக்கொள்வார் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

வழக்கைத் தொடுத்தவர் டயான் பிளாங்க். அந்த நிறுவனம் பெண் வழக்கறிஞர்களை வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டுகிறது என்பது புகார். அன்றைய நியூயார்க்கில் சட்டம் படித்த பெண்கள் சிலர் ஒன்றுசேர்ந்து பெரிய நிறுவனங்களை வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொலம்பியா சட்டப் பள்ளியின் ஹாரியட் ராப் அவர்களுக்குத் துணையாக நின்றார்.

நீதிபதியின் பெயர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. விலக மறுத்து அவர் எழுதிய விடை, சட்டம் படிக்காத எனக்கே மனப்பாடமாகும் அளவுக்கு எளிமையானது. பின்னணியோ பாலோ இனமோ ஒரு நீதிபதியை விலக்கப் போதுமான காரணம் என்றால், இந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியும் இந்த வழக்கை விசாரிக்க முடியாது. எல்லாருமே வழக்கறிஞர்களாக இருந்தவர்கள். எல்லாருமே ஏதோ ஒரு பாலைச் சேர்ந்தவர்கள். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

ஏதோ ஒரு பாலைச் சேர்ந்தவர்கள் என்ற இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். இலக்கணம் நடத்துபவள் என்பதால் இருக்கலாம். நம் மொழியில் 'அவர்' என்பது பலர்பால் சொல். மரியாதைக்காக ஒருவருக்கு அதைச் சொல்லும்போது ஆணா பெண்ணா என்பது மறைந்துவிடுகிறது. ஆனால் "நீதிபதி வந்தார்" என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டு, யாரைக் கண்டீர்கள் என்று கேட்டால், மாணவிகளின் கண்ணிலும் ஓர் ஆண்தான் வந்து நிற்கிறார். சொல்லில் இல்லாத பாலை மனம் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆணுக்குப் பால் இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை. பெண்ணுக்கு மட்டுமே அது தெரிகிறது. மோட்லி சொன்னது ஆண் நீதிபதிகளுக்கும் ஒரு பால் உண்டு என்பதைத்தான். இன்று படிக்கையில் இது சாதாரண உண்மையாகத் தோன்றும். 1975இல் அதை ஒரு தீர்ப்புரையில் எழுத வேண்டியிருந்தது. மேல் நீதிமன்றமும் அவரை விலக்க மறுத்துவிட்டது. 1977இல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இந்த நாற்காலிக்கு அவர் எப்படி வந்தார் என்று தெரிந்தால்தான் அந்தக் கோரிக்கையின் துணிச்சல் புரியும்.

மோட்லி 1921இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவது. பெற்றோர் கரீபியக் கடலிலுள்ள நெவிஸ் தீவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களுக்குச் சமைத்துப் போட்டார். படிப்பில் கெட்டிக்காரியான பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் பணமில்லை. கறுப்பின மக்களுக்காகக் கட்டப்பட்ட சமூகக் கூடம் ஒன்றைப் பற்றிய கூட்டத்தில் இந்த இளம்பெண் எழுந்து, நிர்வாகத்தில் எங்களுக்கு இடமில்லை, பிறகு எங்கள் மக்கள் எப்படி இங்கே வருவார்கள் என்று கேட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த கிளாரன்ஸ் பிளேக்ஸ்லி என்ற வெள்ளையினக் கட்டட ஒப்பந்தக்காரர் அவருடைய படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார். ஏழைப் பெண்ணின் படிப்பு ஒரு பணக்காரரின் நல்ல மனத்தை நம்பி இருக்க வேண்டியிருந்ததை நெகிழ்ச்சியான கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த மனிதரின் கூடத்திலேயே அவர் குறைசொல்லிப் பேசினார் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

நாஷ்வில் நகரிலுள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகம், பிறகு நியூயார்க் பல்கலைக்கழகம், பிறகு கொலம்பியா சட்டப் பள்ளி. 1946இல் சட்டப் பட்டம். படிக்கும்போதே, 1945இல், தர்குட் மார்ஷல் தலைமையிலான என்ஏஏசிபி சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நேர்காணலின்போது மார்ஷல் அவரைப் புத்தக அலமாரியின் ஏணியில் ஏறிக் காட்டச் சொன்னதை, மோட்லியின் வரலாற்றை எழுதிய டோமிகோ பிரவுன்-நேகின் பதிவு செய்திருக்கிறார். விடுதலைக்காகப் போராடிய மனிதர்தான் மார்ஷல். மோட்லிக்கு மற்ற கதவுகள் மூடியிருந்தபோது கதவு திறந்தவரும் அவர்தான். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை. 1961இல் மார்ஷல் நீதிபதியாகப் போனபோது, நிதியத்தின் தலைமையை 1945 முதலே அங்கிருந்த மோட்லியிடம் தரவில்லை. ஜாக் கிரீன்பெர்க் என்ற வெள்ளையின ஆணிடம் கொடுத்தார்.

அதற்கிடையில் மோட்லி செய்திருந்த வேலை சின்ன வேலையல்ல. பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்கில் மூல மனுவை எழுதியவர் அவர். தென் மாநிலங்களின் நீதிமன்றங்களுக்கு இரயிலிலும் காரிலும் போய்வந்தார். ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞரை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் வழக்குக்காக மட்டும் இருபத்திரண்டு முறை மிசிசிப்பிக்குப் பயணம். கறுப்பர்களை எந்த விடுதியும் ஏற்காத ஊர்களில் இயக்கத் தோழர்களின் வீடுகள்தான் தங்குமிடம். அவர்களில் ஒருவரான மெட்கர் எவர்ஸ் 1963 ஜூனில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வீட்டில் நியூயார்க்கில் மோட்லிக்குக் கணவரும் சிறு மகனும் இருந்தார்கள்.

அந்த மாநிலத் தலைநகர் ஜாக்சனிலிருந்த நீதிமன்ற அறையில், நீதிபதியின் இருக்கைக்குப் பின்னால் சுவரை அடைத்து ஓர் ஓவியம் இருந்தது. 1938இல் வரையப்பட்டது. வெள்ளையர் நன்றாக உடுத்தி நிற்க, கறுப்பர்கள் பருத்தி பறிப்பதும் பாஞ்சோ வாசிப்பதுமான மிசிசிப்பி வாழ்க்கைக் காட்சி. நீதி கேட்கப் போகிறவரின் கண்ணெதிரே, அவருக்கான இடம் எது என்று சுவரே சொல்லிக்கொண்டிருந்தது. பிற்பாடு அதைத் திரைபோட்டு மூடினார்கள். மெரிடித் வழக்கை முதலில் விசாரித்த சிட்னி மைஸ் என்ற வெள்ளையின நீதிபதி, மாணவருக்கு இடம் மறுக்கப்பட்டது அவருடைய நிறத்தால் அல்ல என்று தீர்ப்பெழுதினார். நீங்கள் வெள்ளையர், மிசிசிப்பிக்காரர், ஆகவே விலகிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கேட்கலாம் என்ற எண்ணம்கூட அன்று யாருக்கும் எழுந்திருக்காது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. 1962 இலையுதிர் காலத்தில் கலவரத்துக்கும் இரண்டு உயிரிழப்புகளுக்கும் நடுவே மெரிடித் பல்கலைக்கழகத்துக்குள் போனார். அடுத்த ஆண்டு பட்டம் பெற்றார்.

தெற்கின் நீதிமன்றங்களில் இன்னொரு சிறு கொடுமையும் இருந்தது. வெள்ளையினப் பெண் சாட்சி சொல்ல வந்தால் 'மிஸ்', 'மிசஸ்' என்று அடைமொழி வைத்து அழைப்பார்கள். கறுப்பினப் பெண் என்றால் எந்த வயதானாலும் வெறும் முதற்பெயர். வழக்குரைஞராக எதிரே நின்ற மோட்லியையும் 'மிசஸ் மோட்லி' என்று அழைக்க எதிர்த்தரப்பு வழக்குரைஞர்கள் வாய்கூசினார்கள். ஊர்த்தெருவில் எழுபது வயது மனிதரை ஏழு வயதுப் பிள்ளை 'டேய்' என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்த நாட்டில், இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற இயக்கத் தோழி, 'மேரி' என்று கூப்பிட்ட அரசு வழக்குரைஞருக்குப் பதில் சொல்ல மறுத்தார். 'மிஸ் ஹாமில்டன்' என்று கேட்டால்தான் பதில் என்றார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறை, ஐம்பது டாலர் அபராதம். மோட்லியின் நிதியம் அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. 1964இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

உச்ச நீதிமன்றத்தில் நின்று வாதாடிய முதல் கறுப்பினப் பெண் மோட்லிதான். பத்து வழக்குகள் வாதாடி ஒன்பதில் வென்றார். தோற்ற அந்தப் பத்தாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் அவருடைய வேலையின் பெரும்பகுதி விசாரணை நீதிமன்றங்களில்தான் நடந்தது. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் நீதிமன்றங்களுக்கு மூன்று அடுக்கு. அடியில் இருப்பது மாவட்ட நீதிமன்றம். சாட்சி வந்து நிற்பதும் குறுக்கு விசாரணை நடப்பதும் ஆதாரம் மேசைக்கு வருவதும் அங்கேதான். மேலே போகப் போக வெறும் தாள்களும் வாதங்களும். மாவட்ட நீதிபதி தனியாக அமர்ந்து தீர்ப்புச் சொல்கிறார். அந்த ஒருவரின் கையெழுத்தில் ஊரே மாறலாம். 1963 மே மாதம் பர்மிங்ஹாமில் ஊர்வலம் போன 1,081 மாணவர்களைப் பள்ளி நிர்வாகம் வெளியேற்றியது. மோட்லி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே நிவாரணம் கிடைக்கவில்லை. அன்றைக்கே மேல்முறையீட்டு நீதிபதி எல்பர்ட் டட்டிலிடம் போய், பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவு வாங்கிவந்தார். அடி அடுக்கில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1964இல் நியூயார்க் மாநில மேலவை, 1965இல் மன்ஹாட்டன் பகுதித் தலைவர் பதவி. அரசியல் வேகமாக வந்து வேகமாகப் போனது. 1966 ஜனவரியில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு அவர் பெயரை முன்மொழிந்தார். மேலவையின் நீதித்துறைக் குழுத் தலைவராக இருந்தவர் மிசிசிப்பியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட். மோட்லிக்குக் கம்யூனிஸ்ட் தொடர்பு என்று கிளப்பிவிட்டு, மாதக்கணக்கில் இழுத்தடித்தார். ஆகஸ்ட் 30ஆம் தேதிதான் ஒப்புதல் வந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பினப் பெண். வயது 44. பின்னாளில் அந்தச் சுவரோவியம் இருந்த ஜாக்சன் நீதிமன்றக் கட்டடத்துக்கு ஈஸ்ட்லாண்டின் பெயரையே வைத்தார்கள். மோட்லியின் வாழ்நாளில் அந்தப் பெயர்ப்பலகை அங்கே இருந்தது.

இப்படிப்பட்ட ஒருவரிடம்தான், உங்களால் நடுநிலையாக இருக்க முடியுமா என்று கேட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பிலடெல்பியாவில் லியான் ஹிக்கின்பாத்தம் என்ற கறுப்பின நீதிபதியிடமும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். அவரும் விலகவில்லை.

இந்தக் கேள்வி கடல்தாண்டி எங்கோ கேட்கப்பட்டதல்ல என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரியில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்கு என் பெயரைச் சிலர் சொன்னபோது, "மேடம் பெண்ணியக் கவிதை எழுதுறவங்க, முடிவெடுத்துட்டுத்தான் விசாரணைக்கே வருவாங்க" என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். பட்டிமன்ற மேடைகளில் மனைவிமாரைக் கிண்டலடித்தே பெயர் வாங்கிய இன்னொருவரின் பெயரும் அதே பட்டியலில் இருந்தது. அவர் முடிவெடுத்துவிட்டு வருவார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சரி, மோட்லி நீதிபதியாக என்ன செய்தார்? எனக்குப் பிடித்தவை இரண்டு. இரண்டிலும் பெரிய தத்துவம் கிடையாது, கணக்கும் துணியும்தான்.

மார்ட்டின் சாஸ்ட்ரே என்ற கைதியை நியூயார்க் மாநிலச் சிறையொன்றில் 372 நாட்கள் தனிமைச் சிறையில் வைத்திருந்தார்கள். அரசியல் பேசியதும் சக கைதிகளுக்குச் சட்ட உதவி செய்ததும்தான் அவருடைய உண்மையான குற்றம். 1970இல் மோட்லி, இது கொடுமையான தண்டனை, அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொன்னதோடு நிற்கவில்லை. நாளொன்றுக்கு 25 டாலர் நட்டஈடு, மேற்கொண்டு நாளொன்றுக்கு 10 டாலர் தண்டத்தொகை. 372 நாளுக்கு 13,020 டாலர். இருட்டறையில் கழிந்த ஒவ்வொரு நாளையும் தனித்தனியாக எண்ணிய தீர்ப்பு அது. அடுத்த ஆண்டு மேல் நீதிமன்றம் அதில் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டது. விசாரணை நீதிபதியின் எல்லை அவ்வளவுதான்.

அடுத்தது 1978. மெலிசா லுட்கே, ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் செய்தியாளர். 1977 பேஸ்பால் இறுதித் தொடரில் ஆட்டம் முடிந்தபின் வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் போய்ப் பேட்டி எடுக்க அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஆண் செய்தியாளர்கள் உள்ளே போய் ஆட்டத்தின் சூடு ஆறுவதற்குள் பேசிவிட்டு வந்தார்கள். பெண் வெளியே நடைவழியில் நின்றார். வீரர்களின் அந்தரங்கம் முக்கியம் என்றது பேஸ்பால் நிர்வாகம். தொலைக்காட்சிக் கேமராக்கள் அதே அறைக்குள் போய்வந்துகொண்டுதான் இருந்தன! மோட்லியின் விடை, நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு குளியலறையைச் சமாளிக்கிற தாயின் விடைபோல இருந்தது. அந்தரங்கம்தான் கவலை என்றால் திரைச்சீலை போடுங்கள், துண்டு கட்டிக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் தொழிலைத் தடுக்க வேண்டியதில்லை. யாங்கி மைதானம் நகர நிர்வாகத்துக்குச் சொந்தமானது, குத்தகைக்கு விடப்பட்டது. ஆகவே அங்கே பாகுபாடு காட்டினால் அரசியல் சட்டம் கேள்வி கேட்கும் என்பது சட்டரீதியான அடிப்படை. அந்த வாதம் இல்லாவிட்டால் திரைச்சீலை யோசனைக்கு வலுவில்லை. தீர்ப்பு வந்ததும் பத்திரிகைகள் லுட்கேயைத்தான் கேலி செய்தன. ஆணின் உடம்பைப் பார்க்கவா போகிறாய் என்ற கேள்வி, வேலை செய்யப் போன பெண்ணிடம் கேட்கப்பட்டது.

இவற்றை மட்டும் சொன்னால் சல்லிவன் நிறுவனம் பயந்தது சரிதான் என்று யாராவது சொல்லக்கூடும். மோட்லி எல்லா வழக்கிலும் எளியவர் பக்கம் நின்ற நீதிபதி அல்ல. பாகுபாட்டுப் புகாரோடு வந்து அவரிடம் தோற்றவர்களும் உண்டு. 1991இல், கல்லூரிப் பாடத்துக்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்ற கிங்கோஸ் கடைகளுக்கு எதிராக எட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், பதிப்பகங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 510,000 டாலர் நட்டஈடு. ஜெராக்ஸ் கடையை நம்பி முனைவர் பட்டம் முடித்தவள் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. 2016இல் டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகல் கடை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் எடுத்த மாற்று முடிவுதான் எனக்கு உவப்பானது. ஆனால் பெண் நீதிபதி என்றால் நமக்குப் பிடித்ததையே எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சல்லிவன் நிறுவனத்தின் மனுவைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பதுதான்.

1982இல் அந்த மாவட்ட நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ அவர் போகவில்லை. 1986இல் மூத்த நீதிபதி நிலைக்கு மாறி, 2005இல் இறக்கும்வரை நீதிபதியாகவே இருந்தார்.

தோற்ற அந்தப் பத்தாவது வழக்கு 1965இல் நடந்த ஸ்வெயின் வழக்கு. அலபாமாவில் ராபர்ட் ஸ்வெயின் என்ற கறுப்பின இளைஞருக்கு மரண தண்டனை விதித்த ஜூரியில் ஒரு கறுப்பர்கூட இல்லை. அழைக்கப்பட்டிருந்த கறுப்பர்களை அரசு வழக்குரைஞர் காரணம் சொல்லாமலே நீக்கியிருந்தார். அப்படி நீக்குவதைத் தடுக்க வேண்டும் என்று மோட்லி கேட்டார். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பெண்களை யாரும் நீக்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை. அலபாமாவின் சட்டப்படி அன்று எந்த நிறத்துப் பெண்ணும் ஜூரியில் உட்கார முடியாது. அந்தச் சட்டம் அடுத்த ஆண்டுதான், பாலி முர்ரேயும் டோரதி கென்யனும் உழைத்த வேறொரு வழக்கில் வீழ்ந்தது. 1986 ஏப்ரலில் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டது: நிறத்துக்காக ஜூரியிலிருந்து ஒருவரை நீக்கக் கூடாது. மோட்லிக்கு அப்போது 64 வயது. ஒருவரின் பாலுக்காகவும் நீக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொல்ல இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின. அந்த வழக்கும் அலபாமாவிலிருந்துதான் வந்தது. 72 வயது மோட்லி அப்போதும் நியூயார்க்கில் வழக்குகளை விசாரித்துக்கொண்டிருந்தார்.